மேலே வரம்பு, கீழே கூட்டுப் பொறுப்பு

2018-ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு விநோதமான கேள்வி எழுந்தது: திப்பு சுல்தானின் வாள் எங்கே? கேட்டவர்கள் வரலாற்று ஆய்வாளர்கள் அல்லர். விஜய் மல்லையாவுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதைத் திரும்பப் பெற அலைந்துகொண்டிருந்த இந்திய வங்கிகளின் வழக்கறிஞர்கள். 2003-இல் லண்டனில் நடந்த ஏலத்தில் மல்லையா அந்த வாளை வாங்கினார். அடுத்த ஆண்டு அதை ஊரறியச் சொல்லிப் பெருமைப்பட்டார். சொத்துப் பட்டியலில் அது காணவில்லையே என்று வங்கிகள் கேட்டபோது வந்த பதில் இது: வாள் வந்ததிலிருந்து குடும்பத்துக்கு நேரம் சரியில்லை, அதனால் 2016-இலேயே அதைக் கொடுத்துவிட்டார்.

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு வங்கிச் சரிவுக்குப் பிறகும் நமக்குச் சொல்லப்படும் காரணங்கள் இதைவிட ஒன்றும் உயர்ந்தவை அல்ல. உலகப் பொருளாதார மந்தம், கச்சா எண்ணெய் விலை, சந்தையின் மனநிலை, எதிர்பாராத சூழ்நிலை. எல்லாம் நேரம் சரியில்லை என்பதையே சூட்டுக்கோட்டு போட்டுக்கொண்டு சொல்வதுதான். பெயர் சொல்லி அழைக்கக்கூடிய மனிதர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்.

அந்த வாள் பறிபோன ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நிதி நெருக்கடியோடு இதைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது. மைசூரிலிருந்து பெங்களூரு சாலையில் அரைமணி நேரத்தில் வந்துவிடும் அந்தத் தீவுக்குப் போகிறவர்கள், ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, திப்பு விழுந்த இடத்தையும் கர்னல் பெய்லியின் பெயர்கொண்ட நிலவறையையும் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டிய பொள்ளிலூர்ப் போரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1780-இல் நடந்த போர் அது. பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெய்லியை வழிகாட்டிகள் தவறாமல் சுட்டிக்காட்டுவார்கள். லண்டன் பங்குச் சந்தையை இந்த ஊரின் ஆட்சியாளர் ஒருமுறை ஆட்டம் காணவைத்ததை யாரும் சொல்வதில்லை. அதற்குச் சுவரோவியம் இல்லை.

1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனிப் பங்குகளுக்கு அடிதடி. கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். வாங்கிய பங்கை அடகு வைத்து மேலும் வாங்கினார்கள். பங்காதாயம் 6 சதவீதத்திலிருந்து 10-க்கும் பிறகு பன்னிரண்டரைக்கும் ஏறியது. 1769 மே மாதம், திப்புவின் தந்தை ஹைதர் அலி, ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்துவிட்டார் என்ற சேதி கப்பலில் போய்ச் சேர்ந்தது. பங்கு விலை சரிந்தது. நாடாளுமன்றப் பேச்சாளர் எட்மண்ட் பர்க்கின் நெருங்கிய சகாவான வில்லியம் பர்க், அவர்களுடைய புரவலர் வெர்னி பிரபு, கம்பெனியின் பெரும்புள்ளி லாரன்ஸ் சல்லிவன் என்று பலர் அந்தச் சரிவில் முழுகினார்கள். வேடிக்கை என்னவென்றால், லண்டனில் பீதி பரவியபோது இங்கே சண்டையே முடிந்திருந்தது. சென்னையின் வாசல்வரை வந்த ஹைதர், ஏப்ரல் 4-ஆம் தேதியே உடன்படிக்கை எழுதிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

ஹைதர்தான் காரணம் என்று லண்டனில் பேசிக்கொண்டார்கள். அது வாளைக் குறைசொன்ன கதைதான். கையில் இல்லாத பணத்தில் பங்கு வாங்கச் சொன்னது ஹைதர் அல்ல. வரும் என்று நம்பிய வரிப்பணத்தை வருவதற்கு முன்பே பங்காதாயமாகப் பிரித்துக்கொடுத்ததும் அவர் அல்ல.

மூன்றே ஆண்டில் பெரிய இடி விழுந்தது. 1772 ஜூன் மாதம், கம்பெனிப் பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டித் தோற்ற அலெக்ஸாண்டர் ஃபோர்டைஸ் என்ற லண்டன் வங்கியாளர், இரவோடிரவாக பிரான்சுக்கு ஓடினார். பங்கு சில மாதம் கழித்து விழத்தான் செய்தது. அதுவரை தாக்குப்பிடிக்க அவரிடம் பணமில்லை. அவர் ஓடியதும் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. அதே மாதம் ஸ்காட்லாந்தின் அயர் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. கம்பெனிக்கே கைச்செலவுக்குப் பணமில்லை. இங்கிலாந்து வங்கியிடம் போய் நின்றது. அங்கே கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. கடைசியில் அரசிடம் போனது. 1773-இல் நாடாளுமன்றம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றியது. விழவிட முடியாத அளவுக்குப் பெரிது என்ற வாதம் 2008-இல் நியூயார்க்கில் பிறந்ததாக நினைக்கிறோம். அதற்கு வயது 235 அதிகம்.

யார் பொறுப்பேற்றார்கள் என்று பார்த்தால் 1772-73-இன் அந்த ஒரே நெருக்கடியில் இரண்டு விதமான நீதி நடந்தது தெரியும். அயர் வங்கியின் பங்காளிகள் பெரும்பாலும் நிலக்கிழார்கள், பிரபுக்கள். அன்றைய சட்டப்படி வங்கியின் கடனுக்கு அவர்களுடைய சொந்தச் சொத்து முழுதும் பிணை. ஏறத்தாழ ஏழரை லட்சம் பவுண்டு மதிப்புள்ள நிலங்கள் விலைக்குப் போயின. ஆடம் ஸ்மித்தின் புரவலரான பக்லூ கோமகனும் அதில் மாட்டிக்கொண்டவர்; அந்த வங்கி எப்படிக் கெட்டது என்பதை ஸ்மித் தம் பொருளாதார நூலில் பக்கம் பக்கமாக எழுதியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வங்கியிடம் பணம் கேட்டு நின்றவர்களுக்கு முழுதும் திரும்பக் கிடைத்தது.

கம்பெனியின் பங்குதாரர்களோ நிலத்தை விற்கவில்லை. கடன் தீரும்வரை பங்காதாயம் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த தண்டனை. லண்டன் கிடங்குகளில் தேங்கிக்கிடந்த தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களில் நேரடியாக விற்றுக்கொள்ளச் சலுகையும் சேர்ந்து கிடைத்தது. அந்தத் தேயிலையைத்தான் 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளாகக் கடலில் கொட்டினார்கள். அமெரிக்கர்களால் தங்கள் தலையில் கட்டப்பட்ட பில்லைத் திருப்பி வீச முடிந்தது.

வங்காளத்து உழவரால் முடியவில்லை. 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது என்று கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்கிட்டார். 1772 நவம்பரில் அவர் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், அத்தனை சாவுக்குப் பிறகும் 1771-இன் நிகர வசூல் 1768-ஐவிடக் கூடுதல் என்று தெரிவித்தார். அது எப்படி முடிந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். நஜாய் என்று ஒரு வரி முறை. செத்துப்போனவன், ஊரைவிட்டு ஓடிப்போனவன் கட்டவேண்டிய வரியை, உயிரோடு அதே ஊரில் மிஞ்சியிருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள்மேல் பிரித்துப் போடுவது. பக்கத்துக் குடிசை காலியானால் உங்கள் வரி கூடும். பங்காதாயத்துக்கு வரம்பு வைத்தவர்கள் இதற்கு வரம்பு வைக்கவில்லை.

மேலே இருப்பவரின் நஷ்டத்துக்கு வரம்பு, கீழே இருப்பவருக்குக் கூட்டுப் பொறுப்பு என்ற இந்த ஏற்பாடுதான் அன்றைக்கும் இன்றைக்கும் நிதி நெருக்கடியின் கணக்கை முடித்துவைக்கிறது என்பது என் கட்சி. பேராசைக்காரர் யார் என்று தேடுவது இரண்டாம் வேலை. பேராசை எல்லாக் காலத்திலும் எல்லாரிடமும் உண்டு.

இதைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே நிரூபித்துக் காட்டிய கதை ஆற்காடு நவாபின் கடன். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தக் கதை, உண்மையில் பதினெட்டாம் நூற்றாண்டின் மிகப்பெரிய நிதி மோசடிகளில் ஒன்று.

நவாப் முகமது அலி வாலாஜாவுக்குப் போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் பணம் வேண்டும். சென்னைக் கோட்டையில் வேலை பார்த்த கம்பெனி ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்கு 20, 25, சில வேளை 36 சதவீதம்வரை. அசலைத் திருப்பித் தருவது நோக்கமே அல்ல. வட்டிக்கு ஈடாக இன்ன சீமையின் நிலவரி என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அறுவடை நேரத்தில் கடன்காரர்களின் ஆட்களே களத்துமேட்டில் போய் நின்றார்கள். கடன் கொடுத்தவர்களும் கம்பெனியின் ஆலோசனை சபையில் உட்கார்ந்து போரா சமாதானமா என்று முடிவு செய்தவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டம். 1773-இல் தஞ்சாவூரை நவாபுக்காகக் கம்பெனிப் படை பிடித்துக் கொடுத்ததற்குப் பின்னால் இந்தக் கடன்காரர்களின் நலன் இருந்தது. சென்னை ஆளுநர் பிகட் பிரபு 1776-இல் தஞ்சையை அதன் மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் எழுந்து, தஞ்சை விளைச்சல்மேல் தமக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு மேல் பாக்கி என்றார். அவருடைய சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம் என்று பிகட் கேட்டார். சபையினர் பிகட்டைச் சிறைவைத்தார்கள். காவலில் இருந்தபடியே அவர் 1777 மே மாதம் இறந்தார். நெருக்கடிக் காலத்தில் கேள்வி கேட்ட ஒழுங்காற்றுநருக்கு நேர்ந்த கதி என்று இதைப் படிக்கலாம்.

1780-இல் ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையோடு இறங்கினார். பொள்ளிலூர் நடந்தது. ஆற்காட்டுச் சீமையில் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன. போர் ஓய்ந்த கையோடு, 1784-இல் பிரிட்டிஷ் பிரதமர் பிட்டின் அரசு ஒரு முடிவெடுத்தது: நவாபின் தனியார் கடன்களை எந்த விசாரணையும் இல்லாமல் அப்படியே ஏற்பது, அவற்றைத் தீர்க்க ஆண்டுக்கு 12 லட்சம் வராகனை, அதாவது 4 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டை, கர்நாடகத்து வருவாயிலிருந்து ஒதுக்குவது. எரிந்து கிடந்த ஊர்கள் அதைக் கட்டவேண்டும். இதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் பேசிய பேச்சு புகழ்பெற்றது. பென்ஃபீல்டு கோஷ்டி நாடாளுமன்ற இடங்களை வாங்கித் தந்து, அதற்குக் கூலியாக இந்த மீட்பைப் பெற்றது என்பது அவர் குற்றச்சாட்டு. இந்தப் பகுதியின் ஏரிப் பாசனத்தைப் பற்றி லண்டனில் அவ்வளவு நேரம் வேறு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். (பர்க்கும் சுத்த நடுநிலையாளர் அல்லர். 1769 சரிவில் அடிபட்ட வில்லியம் பர்க், பிழைப்பு தேடிச் சென்னைக்கு வந்து, தஞ்சை மன்னரின் முகவராக வேலை பார்த்தவர். இந்தக் கதையில் கை சுத்தமானவர்களைத் தேடினால் நேரம்தான் வீணாகும்.)

பிறகு என்ன நடந்தது? 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கொள்ளைப் பொருளைப் பங்குபோடக் கோட்டைக்குள்ளேயே குழு அமைத்து ஏலம் நடத்தினார்கள். தளபதி ஹாரிஸுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு மேல். வெள்ளைச் சிப்பாய்க்கு ஏழு பவுண்டு, நம்மூர்ச் சிப்பாய்க்கு அதனினும் குறைவு. லாபம் பிரியும் விதத்தைப் பார்த்தாலே நஷ்டம் பிரியும் விதமும் ஓரளவு புரியும். அரண்மனையில் கிடைத்த காகிதங்களில், நவாபும் அவர் மகனும் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததற்கான கடிதங்கள் இருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. அந்தச் சான்று எவ்வளவு வலுவானது என்பதில் அப்போதே சந்தேகம் இருந்தது. ஆனாலும் அதை வைத்து 1801 ஜூலையில் நவாபின் கர்நாடகம் முழுதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. கடனாளியின் நாடே ஜப்தி ஆனதும், புதிய கடன் பத்திரங்களோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 1805-இல் அவற்றை விசாரிக்க ஆணையம் அமைத்தார்கள். சுமார் மூன்று கோடி பவுண்டுக்கு வந்த கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. விசாரித்தவை இப்படி என்றால், 1784-இல் விசாரிக்காமலே பணம் கொடுத்தவற்றின் யோக்கியதை எப்படி இருந்திருக்கும்? பென்ஃபீல்டு லண்டனில் தொடங்கிய வங்கி 1800-இல் திவாலானது. அவர் பாரிஸில் ஏழையாகச் செத்தார். அதில் தெய்வ நீதியைக் காண்பவர்கள் காணட்டும். தென்னார்க்காட்டு உழவருக்கு அதனால் ஒரு வராகன்கூடத் திரும்பி வரவில்லை.

திப்பு ஒன்றும் விதிவிலக்கு அல்லர். 1792 உடன்படிக்கையில் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கட்ட ஒப்புக்கொண்டு இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினாரே, அந்தத் தொகையில் கஜானாவிலிருந்து எடுத்தது 1 கோடியே 10 லட்சம் என்றும், படையினர் தலையில் 60 லட்சம், மீதி 1 கோடியே 60 லட்சம் சிவில் அதிகாரிகள், குடிமக்கள் தலையில் நஜராணா என்ற காணிக்கையாக விழுந்தது என்றும் வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாறு சொல்கிறது. போரைத் தொடங்கியது ஒருவர், கட்டியது ஊர்.

இன்றைய கதைக்கு வருவோம். விஸ்வேஸ்வரய்யாவின் யோசனையில் 1913-இல் பிறந்தது மைசூர் வங்கி. பின்னால் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆனது. மைசூர், மண்டியா வட்டாரக் கரும்பு விவசாயிகளின் சேமிப்பும் ஆசிரியர்களின் ஓய்வூதியமும் புழங்கிய வங்கி. மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த கூட்டணியில் அதுவும் இருந்தது. அந்த நிறுவனம் லாபம் பார்த்ததே இல்லை. பிணையாகப் பெற்றவற்றில் ஒன்று கிங்ஃபிஷர் என்ற பிராண்டுப் பெயர். அதற்கு நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புப் போட்டிருந்தார்கள். 2011-இல் கடனின் ஒரு பகுதியை வங்கிகள் பங்காக மாற்றிக்கொண்டன. சந்தையில் ஒரு பங்கு 40 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தபோது வங்கிகள் ஏற்ற விலை 64 ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டே விமானங்கள் தரையிறங்கின. 2016 மார்ச் 2-ஆம் தேதி மல்லையா நாட்டைவிட்டுப் போனார். ஏப்ரலில் பிராண்டுப் பெயரை 366 கோடி அடிப்படை விலைக்கு ஏலம் விட்டார்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை. 2017 ஏப்ரல் 1-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் என்ற பெயரே மறைந்து, பாரத ஸ்டேட் வங்கிக்குள் கரைந்தது.

மல்லையாவைப் பொறுத்தவரை ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தார். அவருடைய சொத்துகளிலிருந்து 14,131 கோடி ரூபாய் பொதுத்துறை வங்கிகளுக்குத் திரும்பியதாக 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கடன் வாங்கியவர், விருப்பம் இல்லாவிட்டாலும், அயர் வங்கிப் பங்காளிகளைப் போலச் சொத்தை இழந்திருக்கிறார். கடன் கொடுத்தவர்கள்? ஐ.டி.பி.ஐ. வங்கி முன்னாள் அதிகாரிகள் சிலர்மீது வழக்கு வந்தது, கைது நடந்தது. மற்றபடி, அந்த 64 ரூபாய்க்குத் தலையாட்டிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று இன்றும் பொதுமக்களுக்குத் தெரியாது.

கிங்ஃபிஷர் ஒரு துளி. 2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் வாராக்கடன் 10 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. 2016-17 முதல் 2020-21 வரையான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு மத்திய அரசு ஏறத்தாழ 3.1 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனம் ஊட்டியது. பெரும்பகுதி பத்திரங்களாகக் கொடுக்கப்பட்டதால் பட்ஜெட்டில் வலி தெரியவில்லை. வட்டி மட்டும் வருடா வருடம் போகிறது. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறவர் அதைக் கட்டுகிறார். 2018-இல் கர்நாடக முதல்வர் குமாரசாமி 34,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தபோது, கடன் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எழுதிய பொருளாதார நிபுணர்கள் எத்தனை பேர்! அதே பேனாக்கள் மறுமூலதனத்தைச் சீர்திருத்தம் என்று எழுதின.

அப்படியானால் வங்கிகளை விழவிட்டிருக்க வேண்டுமா? கூடாது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது யாரும் காப்பாற்றவில்லை. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அனுபவத்திலிருந்து அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் போட்டிருந்த விதவைகளும் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கியை மூடியபோதும் அதே அழுகை. வைப்புக் காப்பீடு 1962-இல் வந்ததே அதற்குப் பிறகுதான். வைப்புதாரர் வங்கியின் கணக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பணம் போடவேண்டும் என்று எதிர்பார்ப்பது அக்கிரமம். மீட்க வேண்டும். யாரை மீட்கிறோம், யார் கணக்கில் மீட்கிறோம் என்பதுதான் வழக்கு.

2020-இல் இதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை நவம்பரில் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைத்தபோது, வைப்புதாரர் பணம் முழுதும் பிழைத்தது. பங்குகளின் மதிப்பு பூஜ்யமானது. சுமார் 318 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் எழுதிக் கழிக்கப்பட்டன. விதி என்ற அளவில் இது சரி. பங்குக்காரர் லாபத்துக்கு உரியவர், நஷ்டத்துக்கும் அவரே. ஆனால் கரூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தப் பங்குகள் சீதனம்போல இரண்டு மூன்று தலைமுறை கைமாறி வந்தவை. வங்கியின் போக்கை மாற்றும் சக்தி அவர்களுக்கு இருந்ததில்லை. அவர்கள் முழுதும் இழந்தார்கள். கெட்ட கடன்களை அனுமதித்த ஆண்டுகளில் பெரிய நாற்காலிகளில் இருந்தவர்கள் வாங்கிய சம்பளம் அப்படியே இருந்தது. எஸ் வங்கியிலோ, மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள நிரந்தரப் பத்திரங்கள் ஒரே அறிவிப்பில் மறைந்தன. நிரந்தர வைப்புபோலத்தான் என்று சொல்லி அவற்றைச் சாதாரண வாடிக்கையாளர்களிடம் விற்றதற்காக அந்த வங்கிக்கு 2021-இல் செபி 25 கோடி அபராதம் போட்டது. அபராதத்தைக் கட்டுவது வங்கி. அதாவது புதிய பங்குதாரர்கள். விற்றவரின் ஊக்கத்தொகையை யாரும் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதோடு ஒப்பிட ஸ்ரீரங்கப்பட்டணம் தாலுகாவின் ஏதாவது ஒரு கிராமத்துத் திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் காலையில் சங்கக் கடன் வாங்கிய பெண்கள் கூடுவார்கள். சிறு கடன் நிறுவனத்தின் ஊழியர் பைக்கில் வருவார், கையில் டேப்லெட். ஆளுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கடன். ஒருத்தி வரவில்லை என்றால் கூட்டம் கலையாது. மற்றவர்கள் கைக்காசு போட்டு நிரப்பவேண்டும்; அல்லது அவள் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். கட்டியவளுக்கும் அடுத்த கடன் கிடைக்காது என்ற பயம் எல்லார் மனதிலும். 1771-இன் நஜாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து உலக அளவில் நிறைய எழுதியிருக்கிறார்கள். திருப்பிச் செலுத்தும் விகிதம் 98, 99 சதவீதம் என்று முதலீட்டாளர் கூட்டங்களில் காட்டினார்கள். அந்த விகிதத்தைப் பார்த்து ஒரே பெண்ணுக்கு நான்கு, ஐந்து நிறுவனங்கள் கடன் கொடுத்தன. 2022-இல் ரிசர்வ் வங்கி வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்தது. வருமானச் சான்றே இல்லாத வீட்டில் பாதி எது என்று கடன் விற்கிறவரே எழுதிக்கொள்ளலாம். 2024 முடிவில் மண்டியா, மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போன குடும்பங்களையும் தற்கொலைகளையும் பற்றிச் செய்தி வரத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, பிறகு ஒப்புதல் தந்தார். வசூலில் வன்முறை செய்தால் 10 ஆண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது பிடிப்பது வாசலில் வந்து கத்துகிற ஊழியரை. மாதச் சம்பளம் இருபதாயிரத்துக்குள் வாங்கும், வசூல் குறைந்தால் வேலை போய்விடும் நிலையில் இருக்கும் ஒரு பையனை. அந்த ஊருக்கு இவ்வளவு கடன் விற்றே ஆகவேண்டும் என்று இலக்கு எழுதியவர் பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கிறார். அந்த இலக்குக்காக அவரைத் தொடும் பிரிவு எதுவும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒருத்தியின் முப்பதாயிரத்துக்கு ஒன்பது பேர் கூட்டுப் பொறுப்பு. ஆயிரக்கணக்கான கோடிக்கு ஒப்புதல் தந்த இயக்குநர் குழுக்களில் ஒருவருக்கும் தனிப் பொறுப்பு இல்லை. ஏழைகளிடம் ஈடு இல்லை, அதனால் பக்கத்து வீட்டை ஈடாக வைக்கிறோம் என்று விளக்கம் சொல்கிறார்கள். இயக்குநர்களிடம் ஈடு நிறைய இருக்கிறதே?

வங்கி அதிகாரிகளிடம் இதைச் சொன்னால் ஒரு நியாயமான மறுப்பு வரும். ஏற்கெனவே சி.பி.ஐ. பயத்தில் கோப்புகள் நகர்வதில்லை. நல்ல நம்பிக்கையில் கொடுத்த கடன் கெட்டுப்போனால் ஓய்வுபெற்ற பிறகும் கோர்ட்டுக்கு அலைகிறோம். உண்மை. எல்லாக் கெட்ட கடனும் களவு அல்ல; மழை பொய்த்தால் கரும்பும் பொய்க்கும். அதனால்தான் சிறையை முதல் தீர்வாக நான் நம்பவில்லை. ஐஸ்லாந்து 2008-க்குப் பிறகு இருபதுக்கு மேற்பட்ட வங்கியாளர்களைச் சிறைக்கு அனுப்பியது. அதை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆனால் அன்றைக்கு மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத தீவு அது. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இங்கே குற்ற வழக்கு என்றால் பதினைந்து வருடம். அதற்குள் கோபம் ஆறிவிடும், சாட்சி செத்துவிடுவார்.

பணத்தால் செய்த தவற்றுக்குப் பணத்தாலேயே பொறுப்பேற்கச் செய்யலாம். தனியார் வங்கிகளின் உயரதிகாரிகளுக்குக் கொடுத்த ஊக்கத்தொகையைத் திரும்பப் பெறும் விதியை ரிசர்வ் வங்கி 2019 நவம்பரிலேயே வகுத்துவிட்டது. அதைப் பெரிய தொகைக்கு, பெரிய பெயருக்கு நடைமுறைப்படுத்தி, யாரிடம் எவ்வளவு திரும்ப வந்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். திவால் சட்டத்தில் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களைப் பிடிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது முதலாளிகளுக்குப் பொருந்தும். ஆயிரம் கோடிக்கு மேல் கடனை அனுமதிக்கும் இயக்குநர்களுக்கும் அவர்களுடைய அந்த ஆண்டு ஊதியத்தின் அளவுக்காவது ஒரு பிணை இருக்கட்டும். ஐ.எல். & எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 2018-இல் முறிவதற்குச் சில வாரம் முன்புவரை உச்சத் தரம் கொடுத்த தரமதிப்பீட்டு நிறுவனங்கள் வாங்கிய கட்டணத்தை ஏன் திருப்பித் தரவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பொதுத்துறை வங்கிகளில் உரிமையாளர் அரசே. தொலைபேசியில் வந்த சிபாரிசு கோப்பில் ஏறாத வரை அந்தப் பொறுப்பு யாரையும் ஒட்டாது. வாய்மொழியாக வந்ததையும் எழுதிவைக்கும் கடமை அதிகாரிக்கு இருந்தால், அது அவருக்கே கவசம்.

சிறு கடனில் செய்யவேண்டியது இன்னும் எளிது. கூட்டுப் பொறுப்பு என்ற ஷரத்தையே எடுத்துவிடலாம். ஏற்கெனவே நான்கு கடன் உள்ளவருக்கு ஐந்தாவதைக் கொடுத்த நிறுவனம் அந்த ஐந்தாவதை வசூலிக்கும் உரிமையை இழக்கும் என்று ஒரு வரி போதும். இலக்குகள் தாமாகக் குறையும்.

வரி கட்டுகிறவரின் பணம் ஒரு வங்கிக்குள் போகும் ஒவ்வொரு முறையும், அந்த வங்கியில் கெட்டுப்போன முதல் நூறு பெரிய கடன்களின் ஒப்புதல் குறிப்புகளையும் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதையும் பொதுவில் வைக்கவேண்டும். கிங்ஃபிஷரிலிருந்தே தொடங்கலாம். வழக்குகள் எவ்வளவோ பழையவையாகிவிட்டன, வணிக இரகசியம் என்று சொல்ல அந்த நிறுவனமே இல்லை. 64 ரூபாய் விதிமுறைப்படி வந்த விலைதான் என்று பதில் வந்தால் வரட்டும். எந்த விதி, அதை அன்றைக்குக் கூட்டத்தில் சுட்டிக்காட்டியவர் யார், வேண்டாம் என்று சொன்னவர் ஒருவராவது இருந்தாரா என்பதை, அந்த மூலதனத்தை நிரப்பியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.